பூக்கடைக்கும் விளம்பரம் தேவை!

"பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?" என்று கேட்பது நம் நாட்டு வழக்கம். மணமே ஆளை அழைத்து வந்துவிடும் என்பது அதன் பொருள்.

ஆனால், இணையத்தில் மணம் வீசாது! அங்கே ஆயிரம் பூக்கடைகள் வரிசை கட்டி நிற்கின்றன. வாங்க வருகிறவர் தேடுபொறியில் "பூ" என்று ஒரு சொல்லைத் தட்டுகிறார். முதலில் எந்தக் கடை தெரிகிறதோ, அந்தக் கடைக்குள் நுழைகிறார். பத்தாவது கடையை எட்டிப் பார்ப்பவர் குறைவு. ஐம்பதாவது கடை இருந்தும் இல்லாதது போலத்தான்.

வருகிறவர் கண்ணில் முதலில் படுவது எப்படி? இன்று இது ஒரு பெரிய வியாபாரக் கலை ஆகிவிட்டது. இதன் நெளிவு சுளிவுகளை அறிய, இங்கிலாந்தில் உள்ள "இன்டர்புளோரா" என்ற பூ வியாபார நிறுவனத்துக்கு நேர்ந்ததைப் பார்த்தாலே போதும்.

இரண்டு வாசல்கள்

தேடுபொறியில் இடம் பிடிக்க இரண்டு வாசல்கள் உண்டு.

முதல் வாசல், பணம் கொடுத்து வாங்கும் இடம். பக்கத்தின் உச்சியில், "விளம்பரம்" என்ற அடையாளத்துடன் வருவது இது. பணம் தீர்ந்த மறுகணம் இடமும் போய்விடும்.

இரண்டாவது வாசல், தகுதியால் கிடைக்கும் இடம். இதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் கிடைக்க நாளாகும்.

இந்த இரண்டாவது வாசலுக்குப் புது வழி வகுத்தவர்கள் லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரு மாணவர்கள். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் படித்தவர்கள். ஓர் இணையதளத்தைப் பற்றி மற்ற தளங்கள் குறிப்பிட்டு இணைப்புக் கொடுத்தால், அதை ஒரு ஓட்டாகக் கருதலாம் என்று அவர்கள் கண்டார்கள். பெரிய தளத்தின் ஓட்டுக்கு மதிப்பு அதிகம். 1998-ம் ஆண்டு அவர்கள் தொடங்கிய கம்பெனிதான் கூகிள்.

அதே ஆண்டில் அவர்கள் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையில் ஒரு வேடிக்கை உண்டு. விளம்பரப் பணத்தில் நடக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று அதில் எச்சரித்திருந்தார்கள். 2024-ம் ஆண்டில் கூகிள் தேடலில் விளம்பரம் மூலம் வந்த வருமானம் எவ்வளவு தெரியுமா? சுமார் 19,800 கோடி டாலர்!

சொல்லுக்கு ஏலம்

சொல்லை ஏலம் விடும் யோசனை கூகிளுடையது அல்ல. 1998-ம் ஆண்டு காலிபோர்னியாவில் பில் கிராஸ் என்பவர் "கோ டூ" என்ற தேடுபொறியை நடத்தினார். ஒரு சொல்லுக்கு யார் அதிகம் கேட்கிறாரோ, அவருக்கு முதல் இடம். பார்க்கிறவர் கிளிக் செய்து உள்ளே வந்தால்தான் கட்டணம்.

2000-ம் ஆண்டு அக்டோபரில் கூகிள் 350 விளம்பரதாரர்களுடன் தன் விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியது. 2002-ம் ஆண்டு ஏல முறைக்கு மாறியது. ஆனால் அதில் ஒரு திருத்தம் செய்தது. பணத்தோடு, விளம்பரத்தின் தரத்தையும் கணக்கில் சேர்த்தது.

இரண்டு பூக்கடைகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கடை ஒரு கிளிக்குக்கு 10 ரூபாய் தருவதாகச் சொல்கிறது. அதன் தரத்துக்கு 4 மார்க். பெருக்கினால் 40. இரண்டாவது கடை 6 ரூபாய்தான் கேட்கிறது. ஆனால் அதற்கு 8 மார்க். பெருக்கினால் 48. குறைவாகக் கேட்ட கடைக்கே முதல் இடம்! அந்தக் கடை 6 ரூபாயும் கொடுக்க வேண்டியது இல்லை. 40-ஐத் தாண்ட எவ்வளவு தேவையோ, அவ்வளவு போதும். அதாவது 5 ரூபாய்க்குச் சற்று மேல். உண்மையான கணக்கு இதைவிடச் சிக்கலானது. ஆனால் சாரம் இதுதான்.

தேடுகிறவர் கேட்டதற்கு விளம்பரம் நேராகப் பதில் சொல்லவேண்டும். திறக்கும் பக்கத்தில் அந்தச் சாமான் இருக்கவேண்டும். இதுவே தரம். ரோஜா மாலை என்று விளம்பரம் செய்துவிட்டு, பிளாஸ்டிக் பூவைக் காட்டினால் மார்க் குறையும், செலவு ஏறும்.

பெயருக்கு வந்த வம்பு

இன்டர்புளோராவின் ஆரம்பம் 1923-ம் ஆண்டு. ஓர் ஊரில் பணம் கட்டினால், தந்தி மூலம் செய்தி போய், வேறோர் ஊர்ப் பூக்கடைக்காரர் பூவைக் கொண்டு போய்க் கொடுப்பார். தனித்தனிக் கடைகள் ஒரே பெயரில் கூடிச் செய்த வியாபாரம் அது. காலப்போக்கில் அந்தப் பெயர் இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர் ஆயிற்று.

2008-ம் ஆண்டில் வம்பு வந்தது. "மார்க்ஸ் அண்டு ஸ்பென்சர்" என்ற பெரிய கடையும் பூ விற்கிறது. அது கூகிள் ஏலத்தில் "இன்டர்புளோரா" என்ற சொல்லையே வாங்கிவிட்டது! இன்டர்புளோராவைத் தேடியவருக்கு மார்க்ஸ் அண்டு ஸ்பென்சரின் பூ விளம்பரம் கண்ணில் பட்டது. இன்டர்புளோரா கோர்ட்டுக்குப் போயிற்று.

வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை ஏறியது. 2011-ம் ஆண்டு செப்டம்பரில் அது விளக்கம் அளித்தது. போட்டியாளரின் பெயரை ஏலத்தில் எடுப்பது மட்டுமே குற்றம் ஆகாது. ஆனால் விற்பவர் யார் என்று பார்க்கிறவர் எளிதில் கண்டுகொள்ள முடியாவிட்டால் அது தவறு என்பதே அதன் சாரம். 2013-ம் ஆண்டு மே மாதம் லண்டன் ஐகோர்ட்டு இன்டர்புளோரா பக்கம் தீர்ப்புக் கூறியது. 2014-ல் அப்பீல் கோர்ட்டு அதை ரத்து செய்து, மறு விசாரணைக்கு உத்தரவிட்டது.

சென்னையும் இந்தச் சண்டையைக் கண்டது. "பாரத்மாட்ரிமோனி" என்ற வரன் தேடும் தளத்தை நடத்தும் கம்பெனி, இதே போன்ற புகாருடன் கூகிள் மீதும் போட்டியாளர்கள் மீதும் வழக்குப் போட்டது. 2010-ம் ஆண்டு சென்னை ஐகோர்ட்டு இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. எல்லோரும் வழங்கும் பொதுச் சொற்களை ஒருவர் தமக்கே உரியது என்று சொந்தம் கொண்டாடுவது கடினம்!

மறைந்துபோன கடை

லண்டனில் வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, இன்டர்புளோராவுக்கு இன்னொரு இடி விழுந்தது. இது இரண்டாவது வாசலில்.

2013-ம் ஆண்டு பிப்ரவரி. காதலர் தினம் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. திடீரென்று கூகிளின் இலவச வரிசையில் இன்டர்புளோரா காணாமற்போயிற்று. "பூ" என்று தேடினாலும் இல்லை. அதன் சொந்தப் பெயரைத் தேடினாலும் தளம் முன்னே வரவில்லை! இங்கிலாந்தில் பூ விற்பனை பெருகும் அன்னையர் தினம் மார்ச் 10-ந் தேதி. அது நெருங்கிக்கொண்டிருந்தது.

என்ன நடந்தது? அப்போது இன்டர்புளோராவைப் பற்றிய கட்டண விளம்பரக் கட்டுரைகள் பல உள்ளூர்ப் பத்திரிகைத் தளங்களில் வந்திருந்தன. ஒவ்வொன்றிலும் இணைப்பு. அதாவது, ஓட்டு விலைக்கு வாங்கப்பட்டிருந்தது! கூகிள் எவர் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் அதே நாட்களில், இணைப்பை விற்பதும் வாங்குவதும் விதிக்கு விரோதம் என்று நினைவூட்டி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சுமார் 11 நாள் கழித்து, அன்னையர் தினத்துக்குச் சற்று முன்னால், கடை மீண்டும் வரிசைக்கு வந்தது.

முதல் வாசலில் பணம் கொடுப்பது முறை. இரண்டாவது வாசலில் அதே பணத்தை நீட்டினால் கதவு சாத்தப்படும்.

கடைக்காரர் கவனத்துக்கு

சிறு கடைக்காரர் இந்தக் களத்தில் இறங்கலாமா? தாராளமாக இறங்கலாம். ஆனால் முதலில் பென்சில் பிடித்துக் கணக்குப் போடவேண்டும்.

ஒரு கிளிக்குக்கு 10 ரூபாய் என்றால், 100 பேர் வர 1,000 ரூபாய் செலவு. ஒரு விற்பனையில் லாபம் 200 ரூபாய். 100 பேரில் 4 பேர் வாங்கினால் வரவு 800; கையைக் கடிக்கும். 8 பேர் வாங்கினால் வரவு 1,600, மிச்சம் 600. ஆகவே, எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதே முக்கியம்.

"பூ" என்ற பொதுச் சொல்லுக்குப் பெரிய கம்பெனிகளுடன் மல்லுக்கட்ட வேண்டாம். "மதுரையில் கல்யாண மாலை" போன்ற சொல்லுக்குப் போட்டி குறைவாக இருக்கும். தேடுகிறவர் வாங்கும் எண்ணத்துடன் வருவார். வேண்டாத சொற்களை விலக்கவும் வசதி உண்டு. "பூ படம்", "காகிதப் பூ" என்று தேடுகிறவர்களுக்கு விளம்பரம் காட்டவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். நாள் ஒன்றுக்கு இவ்வளவுதான் என்று செலவுக்கு வரம்பும் கட்டலாம்.

கூடவே, இரண்டாவது வாசலுக்கான வேலையையும் தொடங்கிவிட வேண்டும். ஒவ்வொரு சாமானுக்கும் தனிப் பக்கம்; வாடிக்கைக்காரர் பேசும் சொல்லிலேயே தலைப்பு; கைப்பேசியில் சட்டென்று திறக்கும் தளம்; விலை, முகவரி, நேரம் எல்லாம் ஒளிவுமறைவு இன்றி. எந்தச் சொல்லைத் தேடி எத்தனை பேர் வந்தார்கள் என்று கூகிளே இலவசமாகக் கணக்குக் காட்டுகிறது. அதை வாரம் ஒரு முறை பார்த்தால், அடுத்து எந்தச் சொல்லுக்குக் காசு செலவிடலாம், எதற்குச் செலவிட வேண்டாம் என்பது தெரிந்துவிடும்.

பணம் கொடுத்தால் கடை வாசல் வரை ஆளைக் கொண்டுவரலாம். அதற்கு மேல் பூ மணக்கத்தான் வேண்டும்!