மலை இறங்கிய பிறகு

ஸ்காட்லாந்தின் ட்வீட் நதிக்கரையில் பீபிள்ஸ் என்றொரு சிற்றூர். அதை ஒட்டிய க்ளென்ட்ரஸ் காட்டில்தான் 2023ஆம் ஆண்டு உலக சைக்கிள் சாம்பியன்ஷிப்பின் மலைச் சைக்கிள் போட்டிகளில் ஒரு பகுதி நடந்தது. பந்தயம் இல்லாத நாட்களிலும் அந்தக் காட்டில் கூட்டத்துக்குக் குறைவில்லை. சனி, ஞாயிறுகளில் எடின்பரோவிலிருந்தும் வட இங்கிலாந்திலிருந்தும் கார்கள் வரும். ஒவ்வொன்றின் முதுகிலும் இரண்டு மூன்று சைக்கிள்கள் தொங்கும். வண்டியை நிறுத்துவார்கள், முழங்கால் கவசத்தை மாட்டுவார்கள், காட்டுக்குள் ஏறிவிடுவார்கள். கார் நிறுத்தத்தில் மிஞ்சி நிற்பவர்களில் சில சமயம் ஓரிருவர் மரம் பார்க்க வந்தவர்களாக இருக்கமாட்டார்கள். எந்தக் காரில் என்ன சைக்கிள் வந்து இறங்கியது என்று பார்க்க வந்தவர்கள்.

ட்வீட் பள்ளத்தாக்கு மட்டுமில்லை, மலைச் சைக்கிள் ஓட்டத்துக்குப் பேர்போன பிரிட்டிஷ் ஊர்கள் பலவற்றிலும் போலீஸ் திரும்பத் திரும்பச் சொல்லும் எச்சரிக்கை ஒன்றுதான்: உங்களை யாரோ வீடுவரை பின்தொடரலாம். வேல்ஸின் மெர்தர் டிட்ஃபிலில் 2013இல் திறக்கப்பட்ட பைக்பார்க் வேல்ஸ் போன்ற இடங்களுக்கு ஒரே நாளில் நூற்றுக்கணக்கான விலையுயர்ந்த சைக்கிள்கள் வந்து சேர்கின்றன. திருடனுக்கு இதைவிடப் பெரிய கண்காட்சி எங்கே கிடைக்கும்?

விலையைச் சொன்னால்தான் விஷயம் புரியும். முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், கார்பன் சட்டம், மின்னணு கியர் என்று எல்லாம் சேர்ந்த நல்ல மலைச் சைக்கிள் ஒன்று பிரிட்டனில் 5,000 பவுண்டிலிருந்து 8,000 பவுண்டுவரை போகிறது. நம் பணத்தில் ஏறக்குறைய ஆறு லட்சத்திலிருந்து ஒன்பது லட்சம் ரூபாய். ஒரு சிறு காரின் விலை. காருக்கு நம்பர் பிளேட் உண்டு, சாவி உண்டு, அரசாங்கப் பதிவேட்டில் உரிமையாளர் பெயர் உண்டு. இதற்கு ஒன்றும் கிடையாது. எடை சுமார் 15 கிலோ. ஒருவன் ஒரு தோளில் தூக்கிக்கொண்டு வேலி தாண்டலாம். முழுசாக விற்க பயமாக இருந்தால் பிரித்துவிடலாம். ஃபாக்ஸ், ராக்‌ஷாக்ஸ் நிறுவனங்களின் உயர்ரக முன் ஃபோர்க் மட்டுமே புதிதாக 1,000 பவுண்டைத் தாண்டும். சக்கரம், பிரேக், கியர் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக, தனித்தனி ஊருக்குப் போய்விடும். 2020 பெருந்தொற்றுக் காலத்தில் கடைகளில் சைக்கிளே கிடைக்காமல் போனபோது பழைய சைக்கிளுக்கும் உதிரி பாகத்துக்கும் விலை ஏறியது. திருடர்கள் பொருளாதாரச் செய்திகளைப் படிக்காமலே இதையெல்லாம் தெரிந்துவைத்திருந்தார்கள்.

பெரும்பாலான இடங்களில் காட்டுத்தடத்தில் யாரும் சைக்கிளைப் பறிப்பதில்லை. செங்குத்தான சரிவில், ஈரமான வேர்களின் மேல், வேகமாக இறங்கும் ஒருவனை நடந்துபோய்ப் பிடிக்க முடியாது. அதற்கு அவசியமும் இல்லை. மூன்று மணி நேரம் கழித்து அவனே சேறும் களைப்புமாக அடிவாரத்து டீக்கடைக்கு வந்து, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போவான். பூட்டமாட்டான். பூட்டு கொண்டுவந்திருந்தால்தானே!

இங்கே எனக்கு ஒரு சின்ன வேடிக்கை தெரிகிறது. 100 கிராம் எடை குறைய வேண்டும் என்பதற்காகக் கூடுதல் விலை கொடுத்துக் கார்பன் ஹேண்டில்பார் வாங்குகிறவர்கள் இவர்கள். நல்ல பூட்டு ஒன்றின் எடை ஒன்றரை கிலோவுக்கு மேல். அதை முதுகில் கட்டிக்கொண்டு மலை ஏறச் சொன்னால் யார் கேட்பார்கள்? ஆகவே பாதுகாப்பு என்பது காரிலேயே தங்கிவிடுகிறது. அனுபவசாலிகள் இடையில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எஃகு உள்ளீடு கொண்ட பட்டைப் பூட்டு ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது, முன் சக்கரத்தைக் கழற்றிக் கையோடு எடுத்துப்போவது, இறங்கும்போது கனமான கியரில் விட்டுவைப்பது, ஹெல்மெட் வாரைச் சக்கரத்துக்குள் விட்டு மாட்டுவது. இதெல்லாம் திருட்டைத் தடுக்காது. ஏறி மிதித்து ஓடப் பார்ப்பவன் பத்து விநாடி தடுமாறுவான், சன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பத்து விநாடி போதும். சன்னலோரம் உட்கார வேண்டும் என்பதுதான் இதில் முக்கியமான நிபந்தனை.

பூட்டின் கதை தனிக்கதை. 1970களில் அமெரிக்காவில் கிரிப்டோனைட் நிறுவனம் யு வடிவப் பூட்டைக் கொண்டுவந்தபோது, சைக்கிள் திருட்டுக்கே முடிவு வந்துவிட்டது என்று நம்பியவர்கள் இருந்தார்கள். 2004இல் அந்தப் பூட்டுகளில் சிலவற்றைச் சாதாரண பிக் பால்பாயிண்ட் பேனாவின் குழாயைச் செருகித் திருகியே திறக்கலாம் என்று ஒருவர் செய்துகாட்ட, நிறுவனம் பழைய பூட்டுகளை வாங்கிக்கொண்டு புதியவை கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் குறையைச் சரிசெய்தார்கள். அதற்குள் பேட்டரியில் ஓடும் கட்டிங் மெஷின் எல்லாக் கடைகளிலும் வந்துவிட்டது. நம்மூர் கிரில் பட்டறையில் தீப்பொறி பறக்கும் அதே இயந்திரம், ஒயர் இல்லாமல், தோள்பையில் அடங்குகிறது. சாதாரண யு-பூட்டு அதன் முன்னால் ஒரு நிமிடம் தாங்கினால் பெரிது.

இதற்கு எதிராகக் கடந்த சில வருடங்களில் வந்தவைதான் ஹிப்லாக் டி1000, வேல்ஸின் ஸ்வான்ஸீயைச் சேர்ந்த லைட்லாக்கின் எக்ஸ்1 போன்ற பூட்டுகள். எஃகின் மேல் கடினமான கலவைப் பொருளைப் பூசியிருக்கிறார்கள். வெட்டும் வட்டு அதன்மேல் பட்டால் வட்டுதான் தேய்கிறது. ஒரு பூட்டை அறுக்கப் பல வட்டுகள், பல நிமிடங்கள், காது கிழியும் சத்தம். அறுக்கவே முடியாத பூட்டு என்று அவற்றைத் தயாரிப்பவர்களும் சொல்வதில்லை. பிரிட்டனில் பூட்டுகளைச் சோதித்து வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம் பிரிக்கும் சோல்ட் செக்யூர் என்ற அமைப்பு இருக்கிறது. 1992இல் நார்தம்ப்ரியா, எசெக்ஸ் போலீஸ் துறைகள் சேர்ந்து தொடங்கியது. அங்கே அளக்கப்படுவது குறிப்பிட்ட கருவிகளோடு வருபவனிடம் பூட்டு எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பதுதான். இன்ஷூரன்ஸ் நிறுவனங்களும் இந்தத் தரத்தைத்தான் கேட்கின்றன. சைக்கிளின் விலைக்கு ஏற்ற தரத்தில் பூட்டு வாங்கினீர்களா, ரசீது எங்கே? பதில் இல்லையென்றால் இழப்பீடும் கிடைக்காது.

வீட்டுக்கு வருவோம். காட்டில் நோட்டமிட்டவன் அன்றைக்கே வரவேண்டும் என்று கட்டாயமில்லை. பிரிட்டிஷ் வீடுகளில் தோட்டத்து மூலையில் பலகைக் கொட்டகை ஒன்று இருக்கும். புல்வெட்டும் இயந்திரம், பெயின்ட் டப்பா, நடுவே எட்டாயிரம் பவுண்டு சைக்கிள். கதவின் கீல்கள் வெளிப்பக்கம் திருகாணியில் நிற்கும். பூட்டை யாரும் தொடக்கூட வேண்டாம், ஸ்க்ரூ டிரைவர் போதும். விஷயம் தெரிந்தவர்கள் கான்கிரீட் தரையில் எஃகு வளையத்தைப் பதித்து, 16 மில்லிமீட்டர் தடிமனுள்ள சங்கிலியால் சைக்கிளை அதோடு பிணைக்கிறார்கள். கையால் இயக்கும் வெட்டுக்கத்தரியின் வாய் அந்தத் தடிமனுக்கு முன்னால் தோற்றுவிடும். ஒன்றரை கிலோவுக்கு முணுமுணுத்தவர்களுக்கு இங்கே எடைப் பிரச்சினை இல்லை, சங்கிலி வீட்டில்தானே கிடக்கப்போகிறது.

ஆனால் பின்தொடர்வதெல்லாம் பழைய பாணி. வீட்டு விலாசத்தைச் சைக்கிள்காரர்களே எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள், ஸ்ட்ராவாவில்.

ஓடியதையும் மிதித்ததையும் ஜிபிஎஸ்ஸில் பதிந்து நண்பர்களுக்குக் காட்டும் இந்தச் செயலி நம் ஊர் சைக்கிள் குழுக்களுக்கும் பழக்கமானதுதான். வாசலில் தொடங்கி வாசலில் முடியும் சிவப்புக்கோடு. எந்தச் சைக்கிளில் போனோம் என்று பிராண்டும் மாடலும் குறிக்க அதில் இடம் உண்டு. புகைப்படமும் போடலாம். கிழமை, நேரம் எல்லாம் பதிவாகும்; ஆக, ஞாயிறு காலை ஏழு மணிக்கு வீட்டில் யார் இருக்கமாட்டார்கள் என்பதும் தெரிந்துவிடும். 2018 ஜனவரியில் இதே செயலி எல்லோருடைய தடங்களையும் சேர்த்து வெளியிட்ட வெப்பவரைபடம் ஆப்கானிஸ்தான், சிரியா போன்ற இடங்களில் இருந்த ராணுவ முகாம்களை வெளிச்சம்போட்டுக் காட்டியது. பாலைவன இருட்டில் சிப்பாய்கள் ஓடிய தடம் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு மறைக்கும் வசதி உண்டே என்று கேட்கலாம். அதே 2018இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த வட்டத்தையும் சோதித்தார்கள். பல பயணங்களின் கோடுகள் எங்கே அறுபடுகின்றன என்று பார்த்தால் அந்தப் புள்ளிகள் ஒரு வட்டத்தின் விளிம்பில் விழும். விளிம்பு தெரிந்தால் மையத்தைக் கண்டுபிடிப்பது பள்ளிக்கூடக் கணக்கு. மையம்தான் வீடு. பிறகு இந்த ஓட்டையை அடைக்க மாற்றங்கள் வந்தன. இன்று ஸ்ட்ராவாவில் பயணத்தின் தொடக்கத்தையும் முடிவையும் ஒரு மைல்வரை மறைக்கலாம். அதைவிட எளிது, வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிப் பதிவைத் தொடங்குவது. நான்கு நிமிட மிதிப்பு கணக்கில் வராது என்று வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்ல!

இதுவரை சொன்னதெல்லாம் பிரிட்டன் போன்ற நாடுகளுக்கு. தென்னாப்பிரிக்காவில் கதை தலைகீழ். ஜோகன்னஸ்பர்க்கின் வடபகுதிக் குடியிருப்புகளுக்கு நடுவே ஓடும் பிராம்ஃபோன்டெய்ன் ஸ்ப்ரூட் என்ற ஓடைக்கரை, நகரத்தின் மிகப் பிரபலமான மலைச் சைக்கிள் தடம். பாலத்தடிகள், புதர் மண்டிய வளைவுகள், சைக்கிள் தானாகவே வேகம் குறையும் இடங்கள் என்று கத்தியோ துப்பாக்கியோ வைத்திருப்பவன் காத்திருக்க அங்கே தோதான இடங்கள் பல. கேப் டவுனில் டேபிள் மவுண்டன் சரிவுகளிலும் இப்படி நடந்திருக்கிறது. இங்கே வைரத் தரப் பூட்டால் என்ன பயன்? சைக்கிள்மேல் ஆள் உட்கார்ந்திருக்கும்போதே பறிக்கிறார்கள். அங்குள்ளவர்கள் கூட்டமாகப் போகிறார்கள், காதில் பாட்டு மாட்டுவதில்லை, போனில் அபாயப் பொத்தான் செயலி வைத்திருக்கிறார்கள், சில பகுதிகளில் தனியார் காவல்காரர்களை ரோந்து விட்டிருக்கிறார்கள். எதிர்ப்பட்டுவிட்டால் இறங்கிக் கொடுத்துவிடு என்பதே அங்கே பழையவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம். இன்ஷூரன்ஸ் சைக்கிளுக்கு உண்டு.

பறிபோன சைக்கிளைத் தேட இப்போது பலரும் ஏர்டேக்கை நம்புகிறார்கள். 2021இல் ஆப்பிள் வெளியிட்ட சின்ன வட்டு. சீட்டுக்கு அடியிலோ தண்ணீர் பாட்டில் தாங்கிக்குப் பின்னாலோ ஒளித்துவைப்பார்கள். கார்பன் சட்டத்துக்குள் நுழைத்தால் சிக்னல் மங்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. யாரையும் ஒளிந்து பின்தொடர இதைப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக, முன்பின் தெரியாத ஏர்டேக் ஒன்று கூடவே வந்தால் போன் எச்சரிக்கும். நியாயமான ஏற்பாடுதான், ஆனால் திருடனையும் அது அக்கறையோடு எச்சரிக்கிறது. அப்படியும் தப்பிப் புள்ளி வரைபடத்தில் ஒரு வீட்டின் மேல் வந்து நின்றால், இங்கிலாந்துப் போலீஸ் வாரண்ட் இல்லாமல் உள்ளே நுழையத் தயங்கியது. 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கு வந்த குற்ற, காவல் மசோதாவில் இதற்கென்றே ஒரு பிரிவு சேர்த்தார்கள். திருட்டுப்பொருள் இருக்குமிடம் மின்னணு முறையில் தெரிந்தால், உயர் அதிகாரியின் அனுமதியோடு வாரண்ட் இன்றி நுழையலாம் என்பது அதன் சாரம்.

புள்ளி நாட்டு எல்லையைத் தாண்டிவிட்டால்? அமெரிக்காவின் கொலராடோவில் 2019 டிசம்பரிலிருந்து 2020 ஜூன்வரை சைக்கிள் கடைகளாகப் பார்த்து உடைத்தது ஒரு கும்பல். எட்டுப் பேர்மீது 29 கடை உடைப்புகள் தொடர்பாகக் குற்றம் சாட்டப்பட்டது. சரக்கு மெக்சிகோவுக்குப் போயிருந்தது. பைக் இன்டெக்ஸ் என்ற லாபநோக்கமற்ற சைக்கிள் பதிவேட்டை நடத்துபவர்கள் பெருந்தொற்றுக் காலத்தில் இன்னொரு நூலைப் பிடித்தார்கள். மெக்சிகோவில் ஃபேஸ்புக் வழியாக விற்கப்பட்ட உயர்ரக சைக்கிள்களின் படங்களை, கொலராடோவிலும் கலிஃபோர்னியாவிலும் திருடுபோனவற்றின் படங்களோடு கீறல் கீறலாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பொருந்தின. தன் சைக்கிள் வேறு நாட்டில் விலைபேசப்படுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டிய நிலை சொந்தக்காரர்கள் பலருக்கு.

அந்த ஒப்பீடு சாத்தியமானதே சிலர் முன்கூட்டியே படம் எடுத்து, ஃபிரேம் எண்ணைப் பதிந்துவைத்திருந்ததால்தான். பெடல் அச்சுக்கு அடியில், சைக்கிளைக் கவிழ்த்தால் தெரியும் இடத்தில், பெரும்பாலான சைக்கிள்களில் அந்த எண் பொறிக்கப்பட்டிருக்கும். பிரிட்டனில் பைக்ரிஜிஸ்டர், கனடாவிலும் அமெரிக்காவிலும் 529 காரேஜ் என்று பதிவேடுகள் இருக்கின்றன. பழைய சைக்கிள் வாங்குகிறவர்களும் பணம் கொடுக்கும் முன் அந்த எண்ணை அங்கே தட்டிப் பார்க்கலாம்; விற்பவர் எண்ணைச் சொல்ல மறுத்தால் அதுவே பதில். கவிழ்த்துப் பார்த்து ஒரு படம் எடுக்க அரை நிமிடம் ஆகும். செய்கிறவர்கள் குறைவு. 2008இல் டொரான்டோ போலீஸ் இகோர் கெங்க் என்ற கடைக்காரரைப் பிடித்தபோது, அவர் வாடகைக்கு எடுத்திருந்த கொட்டகைகளிலிருந்து மூவாயிரத்தை நெருங்கும் சைக்கிள்கள் வெளியே வந்தன. கிடங்கில் வரிசையாக நிறுத்தி, பறிகொடுத்தவர்கள் வந்து அடையாளம் காட்டலாம் என்று போலீஸ் அறிவித்தது. ஜனங்கள் திரண்டு வந்தார்கள். கறுப்பு நிறம், நடுவில் ஒரு கீறல் இருக்கும் என்றார்கள். எண் கேட்டால் பலரிடமும் இல்லை. சொந்தக்காரர் கைக்குத் திரும்பியவை அவற்றில் ஒரு சிறு பகுதிதான்.