கொட்டை எழுத்து

கொட்டை எழுத்து என்பது தலைப்பு, சுவரொட்டி, பெயர்ப்பலகை முதலியவற்றுக்குப் பயன்படும் பெரிய, தடித்த எழுத்து ஆகும். 'பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்' என்பது இன்றும் பேச்சு வழக்கில் உள்ளது.

ஆங்கில எழுத்துகளில் கோட்டின் முனையில் காணப்படும் சிறு நீட்சிக்குச் செரிஃப் என்று பெயர். இத்தகைய எழுத்துகள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் விளம்பரத் தாள்களுக்காக மிகப் பருமனாக வார்க்கப்பட்டன. ஆஸ்வால்ட் கூப்பர் வடிவமைத்து 1922இல் சிகாகோவில் வெளிவந்த கூப்பர் பிளாக் இவ்வகையில் புகழ்பெற்றது. அதன் முனைகள் கூர்மையின்றி உருண்டிருக்கும்.

தமிழ் எழுத்துக்குச் செரிஃப் இயல்பானதன்று. எழுத்தாணியால் ஓலையில் கீறிய கோடு ஏறக்குறைய ஒரே பருமன் கொண்டது. ஒரே எழுத்துக்குள் தடிப்பும் மெலிவும் மாறி வருவதே தமிழில் பழைய அச்சின் சாயலைத் தருகிறது.

பெரிய எழுத்துக்குக் காகிதம் அதிகம் செலவாகும். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713இல் தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை. காகிதத் தட்டுப்பாட்டால் சிறிய எழுத்துகளை அங்கேயே வார்க்க வேண்டியதாயிற்று. சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டின் முற்பகுதி பெரிய எழுத்திலும் பிற்பகுதி சிறிய எழுத்திலும் அச்சானது இதனால்தான்.

ஆனால் சுவரொட்டிக்குச் சிறிய எழுத்து உதவாது. விழுப்புரம்–புதுச்சேரி சாலையில் கோலியனூரைக் கடக்கும் பேருந்தில் இருப்பவருக்குச் சாலையோரச் சுவரொட்டியைப் படிக்கச் சில நொடிகளே கிடைக்கும். அந்த நொடிகளில் கண்ணில் படுவது ஊர்ப் பெயரோ தேதியோ மட்டுமே. அவற்றைக் கொட்டை எழுத்திலும் மற்றவற்றை மெல்லிய எழுத்திலும் அமைப்பது நல்லது. எல்லாவற்றையும் கொட்டையாக்கினால் எதுவும் கண்ணில் நிற்காது.

எழுத்து தடிக்கும்போது முதலில் அடைபடுவது அதன் உள்வெளி. தமிழில் இது பொருளையே மாற்றிவிடும். பள்ளியில் 'மூன்று சுழி ண, இரண்டு சுழி ன' என்று சொல்லிக்கொடுப்பார்கள். சுழிகள் மையில் மூழ்கினால் 'மணம்' எது, 'மனம்' எது என்று தெரியாது. திருமண அழைப்பிதழில் இது சிறு பிழையன்று. புள்ளி மேற்கோட்டோடு ஒட்டிக்கொண்டால் 'கல்' என்பது 'கல' ஆகிவிடும். ஓலைச்சுவடிகளில் புள்ளி இடாமல் எழுதும் வழக்கம் இருந்தது. படிப்பவர் இடம் அறிந்து பொருள் கொண்டார். சாலையில் போகிறவரிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. எனவே தேர்ந்த வடிவமைப்பாளர் கோட்டைத் தடிக்கச் செய்யும்போது சுழியையும் சற்று அகலமாக்குவார், புள்ளியைச் சிறிது மேலே உயர்த்துவார்.

பழைய சாயல் வேண்டிச் சிலர், தமிழ்நாடு அரசு 1978இல் மாற்றிய, துதிக்கை வடிவ ணை, லை, ளை, னை ஆகியவற்றையும் பயன்படுத்துவர். பார்க்க அழகுதான்; ஆனால் இன்றைய மாணவர் பலர் அவற்றைப் படிக்கத் திணறுவர். கடைப் பெயருக்கு அவை பொருந்தும், அறிவிப்புக்குப் பொருந்தா.

கணினியில் நோட்டோ செரிஃப் தமிழ், பலூ தம்பி ஆகிய எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. முன்னதன் மிகத் தடித்த வகையில் தடிப்பு–மெலிவு வேறுபாடு தெளிவாகத் தெரியும்; பின்னது உருண்டு திரண்டது. எதைத் தேர்ந்தாலும் 'மணமக்கள்', 'கண்ணன்' என்ற இரு சொற்களை அச்சிட்டு, சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று சுழிகளை எண்ணிப் பார்க்கலாம்.