அன்று ஊர்கடத்தல், இன்று தீர்ப்பு நகல்

1991-இல் ஜொகூர் லீக் பட்டத்தையும் மலேசியக் கிண்ணத்தையும் ஒருசேர வென்றது. அந்தக் கொண்டாட்டம் அடங்கிய சில ஆண்டுகளிலேயே மலேசியக் காற்பந்து தலைகுனிந்தது. ஆட்டங்கள் விலைபோன விவகாரம் 1994-95-இல் வெடித்தபோது 126 பேர் விசாரிக்கப்பட்டார்கள். 58 ஆட்டக்காரர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள்.

காசுக்கு ஆட்டத்தை விற்றவருக்காக நான் பரிந்து பேசவில்லை. தண்டனை வந்த வழிதான் உறுத்துகிறது. சபா அணி ஆட்டக்காரர் மாட்லான் மர்ஜான் மீது வழக்கு நடத்தப் போதிய சாட்சியம் இல்லை. இருந்தும் குடியிருப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் அவரை வேறு ஊருக்கு அனுப்பினார்கள், காற்பந்தும் பறிபோனது. திடலில் கைதட்டிய ரசிகன் எந்தத் தீர்ப்பையும் வாங்கிப் படித்திருக்க முடியாது.

இன்று படிக்கலாம். 2025 ஜூனில் வியட்நாமை 4-0 என்று வென்ற தேசிய அணியின் ஏழு ஆட்டக்காரர்களுக்கு, தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்ததாகக் காட்டிய பொய்ப் பத்திரங்களுக்காக ஃபிஃபா செப்டம்பரில் 12 மாதத் தடை விதித்தது. அவர்களில் ஃபிகெய்ரேடோ, இராசாபல், ஹெவெல் மூவரும் அப்போது நம் ஜொகூர் டாருல் தக்சிம் (ஜேடிடி) அணிக்கு ஆடியவர்கள். அக்டோபரில் வெளிவந்த முழுத் தீர்ப்பில், ஒவ்வொருவரின் தாத்தா அல்லது பாட்டிக்கும் இரண்டு பிறப்புப் பத்திர விவரங்கள் அக்கம்பக்கமாக இருக்கின்றன. ஃபிகெய்ரேடோவின் பாட்டி ஜொகூரில் பிறந்ததாக ஒன்று சொல்கிறது. பிரேசிலின் அப்ரே கம்போவில் பிறந்ததாக மூலப் பத்திரம் சொல்கிறது. வாதிடத் தேவையே இல்லாத சான்று அது. நவம்பரில் மேல்முறையீடு தள்ளுபடியானது; அதற்கு மேலும் லொசானில் விளையாட்டு நடுவர் மன்றம் இருந்தது. முப்பது ஆண்டுகளில் இது பெரிய முன்னேற்றம், மறுக்கவே முடியாது.

ஆனால் சுமை யார் தலையில்? மலேசியக் காற்பந்து சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் பிராங்க் அபராதம். அது சங்கத்தின் கணக்கிலிருந்து போகும். ஆட்டக்காரருக்கு ஃபிஃபா விதித்ததோ 2,000 பிராங்கோடு, காற்பந்து தொடர்பான எல்லா நடவடிக்கைக்கும் தடை. கால் ஓடும் வரைதான் அவருக்குப் பிழைப்பு. அதில் ஓராண்டு போனால் போனதுதான். தாளில் கையெழுத்திட்டவர் பொறுப்பேற்க வேண்டும், சரி. அந்தத் தாளைத் திருத்தியவர்? அக்டோபரில் சங்கத்தின் பொதுச்செயலாளரை இடைநீக்கம் செய்தார்கள். ஏழு ஆட்டக்காரர்களின் பெயரும் முகமும் உலகமே அறிந்தபின், ஓர் அதிகாரியின் இடைநீக்கத்தோடு நிறுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பொய்ப் பத்திரத்தைத் தயாரித்த கையின் பெயரும் அதே அளவு பகிரங்கமாக, அதே அளவு காலத் தடையோடு வெளிவர வேண்டும்.