வெல்ல அடுப்பின் உட்பூச்சுக்குக் கஞ்சிப் பசை

கரும்பு ஆடும் நாளில் அடுப்பின் உட்பூச்சு வெடித்து உதிர்ந்தால் வேலை நின்றுவிடும். பிழிந்த சாறு விரைவில் புளிக்கும். நல்ல வெல்லம் தேறாது. பூச்சு மண்ணில் கஞ்சி சேர்த்து இந்த இழப்பைக் குறைக்கலாம். ஆனால், கஞ்சி கூடினால் உறுதியும் கூடும் என்று எண்ணிவிடக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

பசை செய்யும் வேலை

களிமண் உலரும்போது சுருங்கி வெடிக்கிறது. கஞ்சியிலுள்ள மாவுச்சத்து மண் துகள்களை ஒட்டவைத்து, உலர்ந்த பூச்சு உதிராமல் காக்கிறது. அடுப்பு மூட்டியபின், வெப்பம் 300 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது மாவுச்சத்து கருகி, பின்னர் எரிந்துவிடும். அது இருந்த இடம் நுண்துளையாகிறது. துளைகள் அளவோடு இருந்தால் சுவர் வழியே வெப்பம் வீணாவது குறையும். மிகுந்தால் பூச்சு பொடிந்து கொட்டும். ஆகவே நெருப்பில் நிலைத்து நிற்பது வெந்த களிமண்ணே. கஞ்சி அதுவரை தாங்கும் துணை மட்டுமே.

கலவை தயாரித்தல்

இரண்டு பங்கு களிமண்ணுக்கு ஒரு பங்கு பழைய ஓடு அல்லது செங்கல் இடித்த தூள் சேர்க்கவும். இத்தூள் முன்பே வெந்ததாகையால் சுருங்காது, வெடிப்பைக் குறைக்கும். இதற்குப் பதிலாக ஆற்று மணலை மிகுதியாகச் சேர்க்க வேண்டாம். மணலிலுள்ள படிகக்கல் 573 டிகிரியில் திடீரென விரிவதால் பூச்சில் வெடிப்பு உண்டாகும்.

100 கிலோ உலர்ந்த கலவைக்கு 1 கிலோ மரவள்ளி மாவு போதும். மாவை 10 லிட்டர் நீரில் கரைத்துக் கண்ணாடிபோல் தெளியும்வரை காய்ச்சவும். பச்சை மாவு ஒட்டாது. ஆறிய கஞ்சியைக் கலவையில் ஊற்றி, தேவைக்கு நீர் தெளித்து நன்கு மிதித்து, ஈரச்சாக்கால் மூடி ஓரிரவு வைத்துப் பூசவும்.

உலர்த்துதலும் மூட்டுதலும்

பூச்சு வெயிலும் காற்றும் நேராகப் படாமல் மெதுவாக உலரட்டும். பிறகு, முதல் நாள் சிறு தீயே போதும். ஈரம் இருக்கும்போதே சக்கையை அள்ளிப் போட்டு எரித்தால், உள்ளே உண்டாகும் நீராவி பூச்சைப் பெயர்த்துவிடும்.

சோதித்துப் பாருங்கள்

ஊருக்கு ஊர் மண் மாறும். ஆகவே கஞ்சி இல்லாமல் ஒன்று, 1 கிலோ அளவில் ஒன்று, 3 கிலோ அளவில் ஒன்று என மூன்று சிறு வில்லைகள் செய்து உலர்த்தி, அடுப்பில் சுட்டு ஆறவிடுங்கள். பிறகு தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்து, விரலால் தேய்த்தால் உதிராத வில்லையின் அளவே உங்கள் மண்ணுக்கு ஏற்றது. ஆலை ஓடத் தொடங்குமுன் இதைச் செய்து பயன் பெறுவீர்களாக.