நீலப் புத்தகமும் ஊறுகாய்ப் போத்தலும்

கட்டுச்சோறும் கட்டிக்கொண்டு குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவுக்குப் போன பிரயாணங்களை நம்மில் பலர் இன்னும் மறந்திருக்க மாட்டோம். வெயில், உப்புக்காற்று, குழந்தைகளின் வாந்தி எல்லாம் இருந்தன. ஆனால் அந்த வள்ளக்காரர் எவரும் எங்களிடம் கடவுச்சீட்டுக் கேட்டதில்லை.

2023 ஓகஸ்டில் தங்கச்சியின் கலியாணத்துக்காக பிராங்பேர்ட்டில் இருந்து ரொறொன்ரோவுக்குக் குடும்பமாகப் புறப்பட்டோம். யாழ்ப்பாணத்தில் இருந்து அம்மாவும் அங்கே வருவதாக ஏற்பாடு. ஜேர்மனி எங்களுக்குத் தந்த அகதிப் பயணப் பத்திரத்தில் இலங்கைக்குப் போக முடியாது. அதனால் ஒன்பது வருடங்களாக அம்மாவை நாங்கள் தொலைபேசியில்தான் பார்த்து வந்தோம்.

விமான நிலையத்தில் பெட்டி நிறுக்கும் இடத்திலேயே சனி பிடித்தது. அங்கிருந்த இளம்பெண் எங்கள் நீலப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறந்த இடம் இலங்கை என்று கண்டதும், நாடும் இலங்கை என்று கம்பியூட்டரில் அடித்தார். அது ஏற்கவில்லை. எப்படி ஏற்கும்? 1951 ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்படும் இந்தப் பத்திரத்தில், கம்பியூட்டர் வாசிக்கும் வரிகளில் எங்கள் நாட்டுக்குரிய எழுத்துக்கள் இல்லை. அந்த இடத்தில் 'எக்ஸ் எக்ஸ் பி' என்றுதான் இருக்கும். அகதி என்பதற்கான உலகப் பொதுக் குறியீடு அது.

பிழையான பத்திரத்தோடு ஒருவரை ஏற்றினால் விமானக் கம்பனிக்குத் தண்டம் விழும். எனவே அந்தப் பிள்ளைக்கும் பயம். கனடா விசாவைக் காட்டினோம். அதையும் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்! நாற்பது நிமிடம் நின்றோம். எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாம் அடுத்த வரிசையால் போய்விட்டார்கள்.

"அப்பா, நாங்கள் என்ன பிழை செய்தனாங்கள்?" என்று சின்னவன் கேட்டான். எங்களிடம் பதில் இல்லை.

கடைசியில் வயதான ஒரு மேலதிகாரி வந்தார். அட்டையின் இடதுமூலையில் உள்ள இரண்டு சரிவுக் கோடுகளைக் கண்டதுமே தலையசைத்தார். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது.

புதிதாக இந்தப் பத்திரம் எடுத்தவர்கள் மூன்று மணித்தியாலம் முன்னரே போய்விடுங்கள். தகப்பன் பெயர் முன்னுக்கோ பின்னுக்கோ என்ற நமது குழப்பத்தை விமானச் சீட்டில் ஏற்றாமல், பத்திரத்தில் உள்ளபடியே பெயரைப் பதியுங்கள். விமான நிலையத்தில் பணியாளர் தடுமாறினால், கம்பனிகள் விசா விதிகளைப் பார்க்கும் 'டிமாற்றிக்' என்ற தகவல் திரட்டைப் பார்க்கும்படி பணிவாகச் சொல்லுங்கள். கோபப்பட்டுப் பிரயோசனம் இல்லை. நாங்கள் பட்டுப் பார்த்தோம்.

சோதனையில் தங்கச்சிக்கென்று போட்ட தேசிக்காய் ஊறுகாயும் போனது. 2006 இல் லண்டனில் பிடிபட்ட குண்டுச் சதிக்குப் பிறகு வந்த 100 மில்லிலீற்றர் விதியை அறிந்தும், ஊறுகாய் திரவமா என்று வாதாடினோம். அதிகாரி மூடியைத் திறந்து முகர்ந்தார், சிரித்தார், தொட்டியில் போட்டார்.

விமானம் எழும்பிய பிறகு எல்லாம் மறந்துபோனது. கிறீன்லாந்துக்கு மேலாகப் போகையில் யன்னல் பக்கம் இருந்த சின்னவன் எங்களைத் தட்டி எழுப்பினான். கீழே வெள்ளைப் பனிமலை, கருங்கடல், அதில் உப்புக்கல் சிந்தியதுபோல் பனிக்கட்டிகள். அரை மணித்தியாலம் மூவரும் ஒரு யன்னலில் முகம் புதைத்திருந்தோம். அந்தக் காட்சிக்கு எந்தப் பத்திரமும் தேவைப்படவில்லை.

ரொறொன்ரோவில் வெளியே வந்தபோது, ஓகஸ்ட் வெயிலிலும் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு அம்மா நின்றா. நன்றாகச் சிறுத்துப் போயிருந்தா. சின்னவனின் கன்னத்தைத் தடவி, "போனிலை பாத்ததைவிடக் கறுப்பாயெல்லோ இருக்கிறான்" என்றா. பிறகுதான் அழுதா.

திரும்பும்போது அம்மா தந்த ஊறுகாயைப் பெரிய பெட்டிக்குள் பத்திரமாக வைத்தோம். நீலப் புத்தகத்தை எவரும் இரண்டாம் முறை பார்க்கவில்லை. போத்தல்தான் உடைந்துவிட்டது. கலியாணத்துக்குக் கட்டிய பட்டுச்சேலையில் இன்னமும் தேசிக்காய் மணம். தோய்க்கக் கொடுக்க மனமில்லாமல் அப்படியே மடித்து வைத்திருக்கிறோம்.