இரண்டு பின்சக்கரமும் ஒன்றாகவே சுற்றினால்

மாஸ்டா நிறுவனம் 1989-ல் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்னத் திறந்த கார். எடை ஒரு டன்னுக்கும் சற்றுக் குறைவு. என்ஜின் முன்னால் இருக்கும், விசை பின்சக்கரங்களுக்குப் போகும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பழைய எம்எக்ஸ்-5கள் மலிவாகக் கைமாறத் தொடங்கியதும், அவற்றை வாங்கி, பின்சக்கரங்களை வேண்டுமென்றே வழுக்கவிட்டு வளைவில் ஓட்டும் டிரிஃப்ட் பழகுவோர் பெருகினார்கள். பழக ஆரம்பித்தவுடனே ஒரு தொல்லை தெரியவரும். வளைவில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பின்னால் ஒற்றைச் சக்கரம்தான் வீணாகச் சுழலும், வண்டி வழுக்காது. இதற்கென்று செய்த லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் விலை அதிகம். வெல்டிங் மெஷின் வைத்திருக்கும் நண்பர் இருந்தால், காரில் ஏற்கெனவே இருக்கும் டிஃபரன்ஷியலின் உள்ளே உள்ள பல்சக்கரங்களை ஒன்றோடொன்று பற்றவைத்துக் காசில்லாமல் முடித்துவிடலாம். ஜப்பானிலும் கையில் காசு குறைந்த டிரிஃப்ட் பிரியர்கள் வெகுகாலமாகச் செய்துவரும் வேலைதான் இது.

மைதானத்தில் மட்டும் ஓடும் காருக்கு இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதே காரில் மறுநாள் காலை வேலைக்கும் கடைக்கும் போவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

டிஃபரன்ஷியல் எதற்காக இருக்கிறது என்பதிலிருந்து பார்ப்போம். எம்எக்ஸ்-5-ல் இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 1.43 மீட்டர் அகலம். தெருமுனையில் 90 டிகிரி திரும்பும்போது, வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிடச் சுமார் 2.25 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். வளைவு பெரியதோ சிறியதோ, இந்தக் கணக்கு மாறாது. எத்தனை டிகிரி திரும்புகிறோம் என்பது மட்டுமே இதைத் தீர்மானிக்கிறது. அந்தக் காரின் 14 அங்குல வீலில் மாட்டிய டயர் ஒரு சுற்றுக்கு 1.8 மீட்டர் நகரும். ஆக, ஒரு முனை திரும்புவதற்குள் வெளிச்சக்கரம் ஒன்றேகால் சுற்று அதிகம் சுற்றவேண்டும். யு-டர்ன் அடித்தால் இரண்டரைச் சுற்று. அகன்ற நெடுஞ்சாலை வளைவில் இந்த வித்தியாசம் நூறு மீட்டருக்குப் பரவிவிடுவதால் டயருக்குப் பெரிய சிரமம் இல்லை. குறுகிய முனையில் எல்லாம் சில மீட்டருக்குள் நடந்து முடியவேண்டும்.

இதற்கு வழிசெய்யத்தான் டிஃபரன்ஷியல். பிரான்சைச் சேர்ந்த ஒனேசிஃபோர் பெக்கர் 1827-ல் நீராவி வண்டிக்காக உருவாக்கிய அமைப்பின் அடிப்படையே இன்றைய கார்களிலும் இருக்கிறது. என்ஜினின் விசையைக் கொண்டுவரும் பினியன் என்ற பல்சக்கரம் சுற்றினால், அதோடு பொருந்திய கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரம் சுற்றும், கிரவுன் வீலோடு சேர்ந்து அதன் கூடும் சுற்றும். கூட்டுக்குள் நான்கு சிறிய பல்சக்கரங்கள். இரண்டு, ஆக்சில் ஷாஃப்ட்களோடு இணைந்தவை. மற்ற இரண்டும் அவற்றுக்கு நடுவே ஒரு குறுக்குத் தண்டில் உருளக்கூடியவை. நேராகப் போகும்போது நான்கும் ஒன்றுக்கொன்று அசையாமல் கூட்டோடு சேர்ந்து சுற்றும். திரும்பும்போது நடுவில் உள்ளவை உருண்டுகொடுக்க, ஒரு பக்கத்தில் குறையும் வேகம் மறுபக்கத்தில் கூடும்.

இதில் ஒரு குறையும் உண்டு. இரண்டு பக்கத்துக்கும் சமமான முறுக்குவிசைதான் போகும். ஒரு சக்கரம் பனியிலோ சேற்றிலோ பிடிப்பை இழந்தால், அது தாங்கும் சொற்ப விசையளவே பிடிப்புள்ள மறு சக்கரத்துக்கும் கிடைக்கும். டிரிஃப்ட் ஓட்டுபவருக்குத் தொல்லை கொடுப்பது இதுதான். பற்றவைத்துவிட்டால் நடுப் பல்சக்கரங்கள் உருளவே முடியாது, இரண்டு சக்கரமும் ஒரே இரும்புத்தடியில் பூட்டியதுபோல ஒரே வேகத்தில் சுற்றும்.

இப்போது அந்தக் காரை வாகன நிறுத்தத்தில் ஓட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, கிளட்சை மெல்ல விடுகிறீர்கள். கார் இரண்டடி நகர்ந்ததும் இறுக ஆரம்பிக்கும். ஷாஃப்ட்கள் முறுக்கேறி, டயரின் பக்கச்சுவர் மடிந்து, பின் சட்டென்று உட்பக்க டயர் தரையில் எகிறும். ‘கிறீச்’ என்ற சத்தத்தோடு உடம்பெல்லாம் ஓர் உதறல். மறுபடி இறுக்கம், மறுபடி எகிறல். இடத்தைவிட்டு வெளியே வருவதற்குள் தரையில் கறுப்புத் தீற்றல்கள் விழுந்திருக்கும். சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பவர்கள் உண்டு. அந்தத் தீற்றல் ஒவ்வொன்றும் டயரிலிருந்து உரிந்த ரப்பர் என்பதையும், அந்த முறுக்கைத் தாங்கியவை ஷாஃப்ட்டும் அதன் மூட்டுகளும்தான் என்பதையும் அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

சத்தத்தையும் டயர் செலவையும்விட எனக்குப் பெரிய கவலை, ஓட்டத்தில் கார் நடந்துகொள்ளும் விதம். மெதுவாகத் திரும்பும்போது உட்சக்கரம் தேவைக்கு மேல் வேகமாகச் சுற்றி வண்டியை முன்னால் தள்ளுகிறது. வெளிச்சக்கரமோ தேவைக்குக் குறைவாகச் சுற்றி பிரேக் போலப் பிடித்து இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து காரை நேர்க்கோட்டிலேயே நிறுத்தப் பார்க்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் முன்பக்கம் வெளியே ஒதுங்கும். இது ஒரு குணம்.

ஆக்சிலரேட்டரை அழுத்தினால் நேர் எதிரான குணம் வெளிப்படும். சாதாரண டிஃபரன்ஷியலில், எடை குறைந்து நிற்கும் உட்சக்கரம் முதலில் சுழல ஆரம்பிக்கும். அதற்கு மேல் விசை எந்தப் பக்கமும் போகாது என்பதால் வெளிச்சக்கரம் தரையை விடாமல் பிடித்திருக்கும். காரின் பின்பகுதி தன் தடத்திலேயே நிற்கும். எரிச்சலூட்டும் அந்த ஒற்றைச் சக்கரச் சுழற்சிதான் தெருவில் ஓட்டுநரைக் காப்பாற்றுகிறது என்பதைப் பலர் உணர்வதில்லை. பற்றவைத்த பின் அந்தக் காப்பு இல்லை. இரண்டு டயரும் ஒரே நேரத்தில் பிடிப்பை விடும், பின்பகுதி வெளியே வீசும். டிரிஃப்ட் ஓட்டுபவர் விரும்புவது இதைத்தான். மைதானத்தில் அதற்கு இடமும் இருக்கிறது.

மழை பெய்த ஒரு மாலையில், பிரிட்டனின் ஏதாவதொரு ரவுண்டானாவில் இந்த இரண்டு குணமும் அடுத்தடுத்து வந்தால் என்ன ஆகும்? நுழையும்போது முன்பக்கம் ஒதுங்குகிறது, ஓட்டுநர் ஸ்டீயரிங்கை இன்னும் ஒடிக்கிறார். வெளியேறும் வழி தெரிந்ததும் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுக்கிறார். ஈரத்தில் இரண்டு பின் டயரும் ஒன்றாக விட, ஏற்கெனவே கூடுதலாக ஒடித்து வைத்த முன்சக்கரங்கள் காரை உள்ளே இழுக்க, வண்டி சுழன்றுவிடுகிறது. பக்கத்து வரிசையில் வருபவருக்கு இந்தக் காருக்குள் என்ன பற்றவைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. என் மறுப்பில் பாதி அந்த மனிதரை நினைத்துத்தான்.

கோ-கார்ட்டில் பின் ஆக்சில் ஒரே தடிதானே, அது திரும்பவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. திரும்புகிறது. ஸ்டீயரிங்கை ஒடித்தவுடன் பின்னால் உட்பக்கச் சக்கரம் தரையிலிருந்து எழும்பும்படி கார்ட்டின் முன்பகுதிக் கோணங்களை அமைத்திருப்பார்கள், சட்டமும் அதற்கேற்ப வளைந்துகொடுக்கும். எழும்பிய சக்கரம் எந்த வேகத்தில் சுற்றினாலும் கவலையில்லை. ஸ்பிரிங்கில் நிற்கும் தெருக் காரில் அது நடக்காது.

பற்றவைப்பே நல்ல பற்றவைப்பா என்பதும் யோசிக்கவேண்டிய விஷயம். இந்தப் பல்சக்கரங்களின் மேற்பரப்பில் கார்பனை ஏற்றிக் கடினப்படுத்தியிருப்பார்கள். அப்படிப்பட்ட எஃகில் நேராக வெல்டு வைத்து அப்படியே ஆறவிட்டால், ஓரத்தில் நொறுங்கும் தன்மை வந்து விரிசல் விழும். பல வருடம் எண்ணெயில் ஊறிய உலோகம் வேறு. எவ்வளவு துடைத்தாலும் சூடு பட்டதும் இடுக்குகளிலிருந்து எண்ணெய் கசிந்து புகையும், வெல்டில் துளைகள் விழும். தெரிந்தவர்கள் பேரிங்கைக் கழற்றி, கிரீஸ்நீக்கியில் பலமுறை கழுவி, 200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றிப் பற்றவைத்து, காய்ந்த மணலில் புதைத்து மெல்ல ஆறவிடுவார்கள். அதற்குப் பிறகும், விரிசல் விட்டு உடைந்த துண்டு கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் நடுவே சிக்கினால் பின்சக்கரங்கள் ஓட்டத்திலேயே இறுகிப்போகலாம். 1.6 லிட்டர் எம்எக்ஸ்-5-ல் கிரவுன் வீல் 6 அங்குலம்தான், பலமில்லாதது என்று பெயர் வாங்கியது. பிறகு வந்த 1.8 லிட்டர் காரில் 7 அங்குலமாக்கினார்கள்.

பஞ்சரானாலும் சங்கடம். அளவில் சிறிய ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டி ஓட்ட முடியாது. நேரான சாலையில்கூட ஒரு டயர் உரசிக்கொண்டே வரும். டயரைப் பின்னால் ஜோடியாகத்தான் மாற்றவேண்டும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் மறைத்த மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீட்டுக்கே உலை வைக்கலாம்.

தெருவிலும் ஓட்டி மைதானத்துக்கும் போக விரும்புபவருக்கு நல்ல வழி இருக்கிறது. அதிக விசையுள்ள ஆட்டோ யூனியன் பந்தயக் காரின் பின்சக்கரம் வீணாகச் சுழல்வதைத் தடுக்க, 1935-ல் ஃபெர்டினாண்ட் போர்ஷே இசட்எஃப் நிறுவனத்திடம் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் செய்யச் சொன்ன காலத்திலிருந்தே இதற்கு விடை உண்டு. எம்எக்ஸ்-5-க்கே 1994 மாடலிலிருந்து டார்சன் வகை கிடைத்தது. திருப்பத்தில் சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும், அதேசமயம் பிடிப்புள்ள பக்கத்துக்குக் கூடுதல் விசையும் அனுப்பும். உடைத்து விற்கும் கார்களிலிருந்து அதைத் தேடி எடுப்பவர்கள் நிறையப் பேர். சேர்த்துவைத்து வாங்கத் தகுந்த பொருள்.

பழைய காரை வாங்கப் போகிறவர், அதன் டிஃபரன்ஷியல் பற்றவைத்ததா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். ஒரு பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் மறு சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். அதே திசையில் சுற்றினால், ஒருவரை அந்தப் பக்கச் சக்கரத்தை இறுகப் பிடிக்கச் சொல்லி மறுபடி முயலுங்கள். பலமாகத் திருப்பும்போது கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கினால் அது கிளட்ச் வைத்த லிமிடெட் ஸ்லிப். துளியும் அசையாமல் கல்லாக நின்றால் அது பற்றவைத்தது; வேறு ஒரு டிஃபரன்ஷியலின் விலையையும் அதை மாட்டும் கூலியையும் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.