நீரிற் கரையா மருந்தும் எண்ணெயும்

வாய்வழி உட்கொள்ளும் மருந்து பயன்தர வேண்டுமாயின், முதற்கண் அது குடலிலுள்ள நீரிற் கரைதல் வேண்டும். கரையாதது உள்ளே சென்றும் உடலிற் சேராது கழிந்துவிடும். இக்காலத்து அறிஞர் புதியனவாகக் கண்டறியும் மருந்துப் பொருள்களுட் பல இவ்வியல்பினவே. அவற்றை உடலிற் சேர்ப்பிக்கும் வழிகளுள் ஒன்று, எண்ணெயிற் கரைத்துக் கொடுத்தலாம். அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நமது முத்துக்குளித்துறைக் கரையிற் பரதவர் பிடித்துவந்த சுறாமீனின் ஈரலில் எண்ணெய் மிகுதி. அவ்வெண்ணெயில் வைட்டமின் ஏ கரைந்துள்ளது. இஃது நீரிற் கரையாது, கொழுப்பிலேயே கரையும். 1939ஆம் ஆண்டு தொடங்கிய உலகப்போரால் மேனாட்டுக் காட் மீனெண்ணெயின் வரவு தடைப்பட்டபோது, சென்னை அரசாங்கத்தார் சுறாவின் ஈரலெண்ணெயை வடித்து அக்குறையை நிரப்ப முயன்றனர். படகுப் பலகைக்குப் பூசப்பட்ட எண்ணெய் இங்ஙனம் மருந்துமாயிற்று. பின்னர் 1970இல், இந்திய அரசாங்கம் குழந்தைகளைப் பார்வையிழப்பினின்று காக்க, இவ்வைட்டமினை நீர்ம மருந்தாக ஆறு திங்களுக்கொருமுறை வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று.

இனி, எண்ணெய் செய்யும் உதவி யாதெனக் காண்போம். சிறுகுடலிற் பித்தநீர் எண்ணெயை நுண்டுளிகளாகச் சிதறச் செய்யும். கணையநீரிலுள்ள லைபேஸ் என்னும் நொதி கொழுப்பைப் பகுக்கும். அதனால் உண்டாகும் கொழுப்பமிலங்களும் பித்த உப்புகளும் கூடி, மைசெல் எனப்படும் மிக நுண்ணிய உருண்டைகளாகின்றன. அவற்றின் உட்புறம் கொழுப்போடு இயைவது; வெளிப்புறம் நீரோடு இயைவது. மருந்து உட்புறத்தே தங்கிக் குடற்சுவரை அடைகின்றது. நீந்த அறியாதான் தோணியேறிக் கரைசேர்தலை இஃது ஒக்கும்.

ஆயின், பித்தநீர் எல்லார்க்கும் ஒரே அளவிற் சுரப்பதன்று. மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடல் ஒதுக்காதபடி கொடுக்கப்படும் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து, 1983இல் எண்ணெய்க் கரைசலாக அமெரிக்காவில் இசைவு பெற்றது. அஃது ஒருவர் உடலில் மிகுதியாகவும் மற்றொருவர் உடலிற் குறைவாகவும் சேர்ந்தது. குறைந்தாற் பொருத்திய உறுப்பு அழியும். மிகுந்தால் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆதலின், எண்ணெயோடு குழம்பாக்கும் பொருள்களையுஞ் சேர்த்து, குடல்நீரிற் பட்டவுடன் தானே நுண்டுளிகளாகப் பரவும் புதிய வடிவம் அமைக்கப்பெற்று, 1995இல் ஆண்டு இசைவுற்றது. அதனாற் பித்தநீரை நம்பியிருக்கும் நிலை குறைந்து, மருந்து சேரும் அளவும் சீர்ப்பட்டது.

இவற்றால் நாம் அறியத்தக்கது ஒன்றுண்டு. மலேரியாவுக்குரிய லூமெஃபான்ட்ரின் வெறுவயிற்றிற் குறைவாகவே உடலிற் சேரும்; பாலோடேனும் கொழுப்புள்ள உணவோடேனும் உண்டாற் பன்மடங்கு சேரும். வேறு சில மருந்துகளோ வெறுவயிற்றில் உண்ணத்தக்கன. வைட்டமின் ஏயும் அளவு மிகுந்தால் ஈரலிற் தேங்கித் தீங்கு செய்யும். ஆகவே, மருந்தின் பெயரையும் அளவையும் கேட்டறிந்த அளவில் நில்லாது, அதனை எதனோடு உண்ண வேண்டும் என்பதையும் மருத்துவரிடம் கேட்டறிதல் நம் கடனாகும்.